தடுப்பூசி பலிக்காததற்கு மரபணுவா காரணம்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 57. பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரண்டு ஆண்டுகளாக வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி நான்கு தவணையும் போட்டாயிற்று. கடைசி ஊசி ஜனவரியில். செப்டம்பரில் ரத்தப் பரிசோதனை செய்தபோது எதிர்ப்புச் சக்தி 4 என்று வந்தது. 10 இருந்தால்தான் பாதுகாப்பு என்கிறார்கள். பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ் செய்யும் 34 வயதுத் தம்பிக்கு அதே ஊசியில் 600-க்கு மேல் வந்திருக்கிறது. அம்மா சிறுநீரகம் தர முன்வந்திருப்பதால் இருவருக்கும் எச்எல்ஏ பரிசோதனை எடுத்தோம். அதில் அப்பாவுக்கு டிஆர்பி1 வரிசையில் 07, 15 என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் ஒருவர், "07 இருந்தால் இந்த ஊசி வேலை செய்யாது, எல்லாம் மரபணு" என்று சொல்லி, இன்னும் விரிவான மரபணுப் பரிசோதனை ஒன்று இருப்பதாகவும் விலை சில ஆயிரம் ஆகும் என்றும் சொன்னார். அதைச் செய்ய வேண்டுமா? இனி ஊசி போட்டுப் பயன் உண்டா? எனக்கும் என் ஒன்பது வயது மகனுக்கும் இதே குறை இருக்குமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பணம் சம்பந்தப்பட்டது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த விரிவான மரபணுப் பரிசோதனை வேண்டாம். அதன் முடிவு எப்படி வந்தாலும் உங்கள் அப்பாவுக்கு அடுத்து செய்ய வேண்டியது மாறப்போவதில்லை. ஒரு பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றாது என்றால், அதைச் செய்வதால் ஆய்வகத்துக்கு மட்டும்தான் லாபம்.

ஆனால் அந்த ஆய்வகக்காரர் சொன்னது முழுப் பொய்யும் அல்ல. அவர் சொன்னது பாதி உண்மை. அதனால்தான் விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

இந்தத் தடுப்பூசியில் இருப்பது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் மட்டுமே. உடம்பில் சில செல்கள் அதை விழுங்கி, சிறு துண்டுகளாக நறுக்கி, தம் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைப் பார்க்க வருபவை உதவி டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். துண்டு பொருந்தினால் அவை விழித்துக்கொண்டு பி செல்களைத் தூண்டும். பி செல்கள் ஆன்டிபாடியைச் சுரக்கும். அப்பாவுக்கு 4 என்று வந்தது இந்த ஆன்டிபாடியின் அளவுதான். நறுக்கிய துண்டை ஏந்திக் காட்டும் தாம்பாளம்தான் எச்எல்ஏ. ஆளுக்கு ஆள் அந்தத் தாம்பாளத்தின் வடிவம் மாறும். சில வடிவங்களில் இந்த வைரஸின் துண்டு கச்சிதமாக உட்காரும். சிலவற்றில் சரியாக நிற்காது. சிறுநீரக மாற்றுக்குப் பொருத்தம் பார்க்க எடுத்த அறிக்கையில் இருக்கும் எண்கள் இந்த வடிவங்களின் பெயர்கள்தாம். ஒரே பரிசோதனை இரண்டு விஷயங்களுக்கும் தொடர்புடையதாக இருப்பது தற்செயல் அல்ல. மாற்றுச் சிறுநீரகத்தை 'அந்நியம்' என்று அடையாளம் காண்பதும் தடுப்பூசியை அடையாளம் காண்பதும் உடம்பின் ஒரே ஏற்பாடு.

1989-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள், குறிப்பிட்ட எச்எல்ஏ தொகுப்பு உள்ளவர்களிடம் இந்தத் தடுப்பூசி பலிப்பது குறைவு என்று காட்டினார்கள். பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் டிஆர்பி1 வரிசையில் 03, 07 ஆகிய இரண்டும் பலிக்காதவர்களிடம் அடிக்கடி தென்பட்டன. 01, 13, 15 ஆகியவை நன்றாகப் பலித்தவர்களிடம் கூடுதலாக இருந்தன. மரபணுத் தொகுதி முழுவதையும் சலித்துப் பார்த்த ஆய்வுகள் 2011-இல் இந்தோனேசியாவிலும் 2018-இல் ஜப்பானிலும் வெளிவந்தன. இரண்டுமே ஆறாவது குரோமோசோமில் எச்எல்ஏ இருக்கும் அதே பகுதியைத்தான் சுட்டின. ஆகவே மரபணுவுக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை.

இப்போது உங்கள் அப்பாவின் அறிக்கையைத் திரும்பப் பாருங்கள். இரண்டு எண்கள் இருக்கின்றன: ஒன்று அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது, மற்றது அம்மாவிடமிருந்து. ஆய்வகக்காரர் கண்ணில் பட்டது 07 மட்டும். பக்கத்திலேயே இருக்கும் 15, நன்றாகப் பலிப்பவர்களின் பட்டியலில் உள்ளது! இந்தத் தடுப்பூசியைப் பொறுத்தவரை பதில் தரும் தன்மைதான் ஓங்கி நிற்கும். இரண்டில் ஒன்று நன்றாக ஏந்திக் காட்டினாலே பெரும்பாலும் போதும். இரு பக்கமும் சாதகமற்ற வடிவமே அமைந்தவர்களிடம்தான் குறை தெளிவாகத் தெரிகிறது. அப்பாவின் அறிக்கையை மட்டும் என் மேசையில் வைத்து, "இவருக்குத் தடுப்பூசி பலிக்குமா?" என்று கேட்டால், பலிக்காது என்று நான் சொல்லமாட்டேன். தவிர, 07 நம் தென்னிந்திய மக்களிடம் பரவலாகவே இருக்கும் எண். அது இருக்கும் எல்லாருக்கும் ஊசி வீண் என்றால் இங்கே ஏராளமான பேருக்கு ஊசி போடுவதையே நிறுத்த வேண்டியிருக்கும்.

மரபணுவின் பங்கு எவ்வளவு என்று அளந்த ஆய்வுகளும் உண்டு. இரட்டையர்களை வைத்து இதைக் கணக்கிடுவார்கள். ஜெர்மனியில் 2002-இல் வெளியான ஆய்வில், ஹெபடைடிஸ் பி ஆன்டிபாடி அளவில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் சுமார் 60 விழுக்காடு மரபு சார்ந்தது என்று வந்தது. ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் இரட்டைக் குழந்தைகளிடம் 2004-இல் கண்டது 77 விழுக்காடு. இணையத்தில் தேடினால் இந்த எண்கள் உங்கள் கண்ணிலும் படும். பட்டவுடன் "அப்பாவுக்கு 60 விழுக்காடு மரபணுதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஜெர்மனியிலும் காம்பியாவிலும் ஊசி போட்டுக்கொண்டவர்களின் சிறுநீரகங்கள் நன்றாக வேலை செய்தன. மற்ற எல்லாம் ஏறக்குறைய சமமாக இருக்கும் கூட்டத்தில், எஞ்சும் வேறுபாட்டுக்கு மரபணு பெரிய காரணமாகத் தெரிவது இயல்பே. டயாலிசிஸ் அறையில் எதுவுமே சமமாக இல்லை. ஒருவருக்கு 34 வயது, ஒருவருக்கு 57. உங்கள் அப்பாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இருக்கிறது.

ஆரோக்கியமான பெரியவர்களில் 100 பேருக்கு இந்த ஊசியை முறையாகப் போட்டால் 90-க்கு மேற்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு கிடைக்கிறது. டயாலிசிஸ் செய்பவர்களிடம் இரட்டிப்பு அளவில் போட்டும், பொதுவாக 50 முதல் 70 பேர் வரைதான் அந்த 10 என்ற எல்லையைத் தொடுகிறார்கள். சிறுநீரகம் பழுதானதால் அவர்களுடைய மரபணு மாறிவிடவில்லையே! மாறியது உடம்பின் சூழல். ரத்தத்தில் தேங்கும் கழிவுகள், எப்போதும் கனன்றுகொண்டிருக்கும் அழற்சி, வயதை மீறி முதுமையடையும் டி செல்கள் ஆகியவை சேர்ந்து தடுப்பூசியைக் கண்டுகொள்ளும் திறனையே மங்கச் செய்கின்றன. புதிய எதிரியை அடையாளம் காண வேண்டிய இளம் டி செல்களின் எண்ணிக்கையும் குறைகிறது. வயது ஏற ஏறவும், சர்க்கரை நோய் இருந்தாலும், ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைந்தாலும் பலன் குறைகிறது என்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்ட விஷயம்.

டயாலிசிஸ் நோயாளிகளிடமே மரபணுவைத் தேடிய ஆய்வுகளும் இருக்கின்றன. போலந்தின் போஸ்னான் நகரிலிருந்து பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட கட்டுரைகள் வருகின்றன. இன்டர்லியூக்கின், இன்டர்பெரான் போன்ற சமிக்ஞைப் புரதங்களின் மரபணுக்களில் உள்ள சிறு வேறுபாடுகள் ஊசியின் பலனோடு தொடர்புடையவையா என்று பார்க்கிறார்கள். நல்ல உழைப்பு. ஆனால் இத்துறையில் ஓர் ஆய்வில் முக்கியமாகத் தெரியும் வேறுபாடு இன்னோர் ஊரில் காணாமல் போய்விடுகிறது. உங்களிடம் விற்க வந்த பரிசோதனை இந்த நிலையில் இருக்கும் அறிவைத்தான் அச்சடித்துத் தரும்.

அப்பாவின் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு ஒன்று. கடைசி ஊசி ஜனவரியில், பரிசோதனை செப்டம்பரில். இடையில் எட்டு மாதம். டைட்டர், அதாவது ரத்தத்தில் ஆன்டிபாடி அளவைப் பார்க்கும் பரிசோதனையைக் கடைசி ஊசிக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அப்போது பார்த்திருந்தால் அது 40 ஆகவோ 80 ஆகவோகூட இருந்திருக்கலாம். பிறகு வடிந்து 4-க்கு வந்திருக்கலாம். டயாலிசிஸ் நோயாளிகளிடம் ஆன்டிபாடி வேகமாக வடியும். 'பலிக்கவே இல்லை' என்பது வேறு, 'பலித்து வடிந்துவிட்டது' என்பது வேறு. உங்களிடம் இருக்கும் ஒற்றை எண்ணை வைத்து இரண்டில் எது என்று யாராலும் சொல்ல முடியாது. மரபணுவின் மேல் பழியைப் போட்டவர் இந்தத் தேதிகளைக் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன்.

நீங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில உண்டு. போட்ட அளவு என்ன? பெரியவர்களுக்கான வழக்கமான அளவு 20 மைக்ரோகிராம். டயாலிசிஸ் நோயாளிக்கு ஒவ்வொரு தவணையிலும் 40 மைக்ரோகிராம். நம்மூரில் கிடைக்கும் சாதாரணக் குப்பியில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் என்பதால், ஒவ்வொரு முறையும் இரண்டு மில்லி போயிருக்க வேண்டும். கடையிலிருந்து நீங்களே வாங்கிவந்திருந்தால் பில்லைத் தேடிப் பாருங்கள்: நான்கு தவணைக்கும் சேர்த்து நான்கு மில்லிதான் வாங்கியிருக்கிறீர்கள் என்றால் விடை கிடைத்துவிட்டது. நான்கு தவணைகளும் முதல் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்ற கணக்கில் போடப்பட்டனவா? எங்கே போட்டார்கள்? ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையின் தோள்தசையில் போட வேண்டும். இடுப்பில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கி, பலன் குறையும்.

ஊசியை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதும் முக்கியம். குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று பனிக்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவருபவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வரை குளிர்ச்சி வேண்டும். ஆனால் உறைந்துவிட்டால் அது கெட்டுப்போகும். அதிலிருக்கும் அலுமினியச் சேர்மம் கட்டிதட்டி, மருந்து வீரியம் இழந்துவிடும். வீட்டு ஃப்ரிட்ஜில் மேலே உள்ள ஃப்ரீசரில் வைத்திருந்தாலும் இதே கதிதான்.

இனி என்ன செய்வது? முதலில் ஹெபடைடிஸ் பி-க்கான மற்ற இரண்டு பரிசோதனைகளும், அதாவது வைரஸின் மேலுறைப் புரதமும் (HBsAg) அதன் உட்கருவுக்கு எதிரான ஆன்டிபாடியும் (anti-HBc), செய்யப்பட்டிருக்கின்றனவா என்று கேளுங்கள். ஊசி பலிக்காதவர்களில் சிலருக்கு ஏற்கெனவே தொற்று இருந்திருப்பது அப்போதுதான் தெரியவரும். ஒரு எச்சரிக்கை: ஊசி போட்ட உடனே மேலுறைப் புரதப் பரிசோதனை செய்யக் கூடாது. ஊசியில் இருப்பதே அந்தப் புரதம்தான் என்பதால், சில நாட்களுக்கு, சிலருக்கு இரண்டு மூன்று வாரம்கூட, ரத்தத்தில் தொற்று இருப்பதுபோல் காட்டும். அதைப் பார்த்து நோயாளியைத் தனி இயந்திரத்துக்கு மாற்றி, குடும்பமே கலங்கிப்போன சம்பவங்கள் உண்டு.

தொற்று இல்லை என்று உறுதியானால், பல மருத்துவர்கள் 40 மைக்ரோகிராம் ஊசி ஒன்றைப் போட்டு, ஒன்று இரண்டு மாதத்தில் டைட்டர் பார்ப்பார்கள். 10-ஐத் தாண்டினால், முன்பு பலித்து வடிந்திருந்தது என்று கொள்ளலாம். தாண்டவில்லை என்றால் நான்கு தவணையையும் முழுதாக மீண்டும் போட வேண்டும். இரண்டாம் சுற்றில் தேறுபவர்கள் கணிசமான பேர். ஆரோக்கியமானவர்களிடம் பார்த்த வரையில், அளவு பூஜ்யமாக இருப்பவர்களைவிட அப்பாவைப்போல் சிறிதளவாவது காட்டுபவர்கள் அடுத்த ஊசிக்கு நன்றாகப் பதில் தருகிறார்கள்.

இரண்டாவது சுற்றும் கைகொடுக்கவில்லை என்றாலும் வழி உண்டு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், ஏற்கெனவே ஊசி பலிக்காத ஹீமோடயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆய்வு செய்தார்கள், 2009-இல் வெளியானது. ஒரு பிரிவுக்குத் தசையில் 40 மைக்ரோகிராம் ஊசி. மற்றொரு பிரிவுக்குத் தோலின் அடுக்குக்குள்ளேயே வாரந்தோறும் வெறும் 5 மைக்ரோகிராம், எட்டு வாரம். தசையில் போட்டவர்களில் 40 விழுக்காட்டினருக்கும், தோலில் போட்டவர்களில் 79 விழுக்காட்டினருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. தாம்பாளத்தின் வடிவம் எந்தப் பிரிவிலும் மாறவில்லை. ஊசி போட்ட இடமும் முறையும் மாறின. மரபணுதான் தலையெழுத்து என்று சொல்பவர்களுக்கு நான் காட்டும் ஆய்வு இதுதான். தோலடுக்கில் துண்டுகளை ஏந்திக் காட்டும் செல்கள் நிறைய இருக்கின்றன. மருந்து நேரே அவற்றின் கையில் போய்ச் சேர்கிறது. இந்த முறை எல்லா மையங்களிலும் வழக்கத்தில் இல்லை. கைப்பழக்கம் உள்ளவர் போட வேண்டும். உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் பேசிப் பாருங்கள். வலுவான துணைமருந்து சேர்த்த புதிய வகைத் தடுப்பூசிகளும் வெளிநாடுகளில் வந்திருக்கின்றன. ஐரோப்பாவில் சிறுநீரக நோயாளிகளுக்கென்றே ஒன்று 2005 முதல் அனுமதி பெற்றிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். டயாலிசிஸ் தொடங்கும் முன் "பருப்பு குறை, முட்டை குறை" என்று சொல்லியிருப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கிய பிறகும் அதே பத்தியத்தைத் தொடரும் வீடுகள் நம்மிடம் ஏராளம். ஒவ்வொரு டயாலிசிஸிலும் புரதத்தின் ஒரு பகுதி வெளியேறுகிறது என்பதால், இப்போது அவருக்குப் புரதம் கூடுதலாகத்தான் தேவை. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை. அல்புமின் எவ்வளவு என்று கடைசி அறிக்கையில் பாருங்கள். குறைவாக இருந்தால், அந்தச் சில ஆயிரத்தை முட்டை வெள்ளைக்கருவுக்குச் செலவிடுங்கள். அதனால் டைட்டர் ஏறும் என்று நான் உத்தரவாதம் தரவில்லை. அவருக்கு எப்படியும் தேவையான சாப்பாடு அது. வாரம் இரண்டு டயாலிசிஸ் போதுமானதாக இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கேளுங்கள்.

டைட்டர் ஏறும்வரை அப்பா பாதுகாப்பற்றவர் என்றே மையத்தில் கருத வேண்டும். இந்த வைரஸ் உலர்ந்த ரத்தக் கறையில்கூட ஒரு வாரம் உயிர்ப்புடன் இருக்கும். தடுப்பூசி வருவதற்கு முன், 1969-70-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர டயாலிசிஸ் பிரிவில் இது பரவி, நோயாளிகளோடு மருத்துவப் பணியாளர்களும் இறந்தார்கள். நோயாளிக்கு நோயாளி கையுறை மாற்றுகிறார்களா, தொற்று உள்ளவர்களுக்குத் தனி இயந்திரம் இருக்கிறதா, அப்பாவுக்கு மாதந்தோறும் மேலுறைப் புரதப் பரிசோதனை நடக்கிறதா என்று கேட்கத் தயங்காதீர்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டியதில்லை. நல்ல மையம் பதில் சொல்லும்.

இந்த ஊசி பலிக்கவில்லை என்பதற்காக மற்ற ஊசிகளை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கிருமியின் துண்டும் வேறு. மேலே சொன்ன ஜெர்மன் ஆய்விலேயே ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியில் மரபின் பங்கு 36 விழுக்காடுதான். ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் உரிய ஊசிகளை அப்பாவுக்குப் போட வேண்டும்.

உங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது 07 அல்லது 15, இரண்டில் ஒன்று, மற்றொன்று அம்மாவுடையது. உங்கள் சிறுநீரகம் நன்றாக இருக்கும் வரையில் இந்தக் கணக்கைப் போட்டுக் கவலைப்படத் தேவையில்லை. இதுவரை போடவில்லை என்றால், வழக்கமான அளவில் மூன்று தவணை போட்டுக்கொண்டு, விரும்பினால் ஒன்று இரண்டு மாதத்தில் டைட்டர் பாருங்கள். மகனுக்கு அநேகமாகப் போட்டாயிற்று. தமிழ்நாட்டில் 2011 டிசம்பர் முதல் குழந்தைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதுவும் அடக்கம். தடுப்பூசி அட்டையில் ஆறு, பத்து, பதினான்கு வாரக் கட்டங்கள் நிரப்பப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கடைசியாக, அவசரமான ஒரு விஷயம். அம்மாவின் சிறுநீரகத்தைப் பொருத்தும் நாள் நெருங்குகிறது என்றால், ஊசி வேலையை அதற்கு முன்பே முடிக்கப் பாருங்கள். மாற்று அறுவைக்குப் பிறகு தரும் மருந்துகள் எதிர்ப்புச் சக்தியை அடக்குபவை. அப்போது ஊசி பலிப்பது இன்னும் கடினம். அடுத்த டயாலிசிஸ் நாளன்றே ஊசிச் சீட்டு, கடை பில், டைட்டர் அறிக்கை மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், அறுவை சிகிச்சைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அதை வைத்துத்தான் அவர் எந்தக் கால அட்டவணையில் ஊசி போடுவது என்று முடிவு செய்வார்.